முளைக்காத குப்பி

தருமபுரிப் பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில்
சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே
என் அறை.
பலகையில் எழுத்து உதிர்ந்து
'கிருமி நீக்' வரைக்கும்தான் இருக்கிறது.
மிச்சத்தை உள்ளே இருந்து நான் செய்கிறேன்.

ஒன்பது மணிக்குள் மூன்று சிசேரியன்.
அவசரத்துக்கென்று எடுத்துவைத்த இரண்டு செட்டும்
அதிலேயே போயிற்று.
பதினொன்றுக்குத் தொப்பூர்க் கணவாயில்
கம்பி ஏற்றிய லாரி ஒன்று
முன்னால் போன வேன்மேல் இறங்கிவிட்டது.
ஆம்புலன்ஸ் சத்தத்தை வைத்தே
கணக்குப் போடப் பழகியிருக்கிறேன்:
நாலு சத்தம், நாலு பெரிய செட்.
காஸும் பஞ்சும் எத்தனை டிரம் என்று
எந்தச் சத்தமும் சொல்லாது.

ரத்தத்தைக் காயவிடக் கூடாது,
காய்ந்தால் கத்தரியின் மூட்டில் ஒளிந்துகொள்ளும்.
பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
ஆர்ட்டரி ஃபோர்செப்ஸுக்கும் பல் உண்டு,
இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போலக்
காவி ஏறாத பல்.
பிள்ளைகளின் பல்லில் ஏறுகிற அதே தண்ணீர்தான்
என் பாய்லரின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டுகிறது.
மாதப்பன் அதைச் சுரண்டி
உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான்:
"பாருங்கக்கா, நம்ம முட்டியில இருக்கறது."

கதவைத் திருகி மூடினேன்.
நூற்றி இருபத்தொரு டிகிரி, பதினைந்து பவுண்டு,
இருபது நிமிடம்.
சூடு ஏறுகிற நேரம் இதில் சேராது.
உலர்கிற நேரமும் சேராது.
இதைப் போனில் யாருக்கும்
இதுவரை புரியவைத்ததில்லை.

"செட் எங்கே?" பிரிசில்லா சிஸ்டர்.
"பதினொரு நிமிஷம்."
"செட் எங்கே?"
"ஒன்பது."
மூன்றாம் முறை டாக்டர் குணசீலனே பேசினார்.
"ஆள மேசையில போட்டாச்சும்மா."
கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.
கெஞ்சுவது போலிருந்தது.
முள்ளைப் பார்த்து, "ஆறு" என்றேன்.

திறந்தபோது
டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன,
நாலு மூட்டையிலும், ஒழுங்காக.
தொட்டுப் பார்த்தேன்.
மூன்று காய்ந்தவை.
அடியில் இருந்தது ஈரம்.
அவசரத்தில் இறுக்கி அடுக்கியது நான்தான்.

ஈரத்துணி வழியே எதுவும் உள்ளே போகும்,
வராந்தாவின் தூசி, என் விரல்,
லிஃப்ட் கதவைப் பிடித்த மாதப்பன் கை.
டேப்பைப் பார்க்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது.
கோடு கறுப்பாகத்தானே இருக்கிறது?

மூன்றைக் கொடுத்தனுப்பினேன்.
நாலாவதைப் பிரித்து,
புதுத்துணியில் தளர்வாய்க் கட்டி,
மறுபடி உள்ளே தள்ளினேன்.
இன்னும் நாற்பது நிமிடம் என்று
நானே மாடியேறிச் சொன்னேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
பிரிசில்லா சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப் போவதில்லை.

காலையில் டீக்கடையில் சொன்னார்கள்,
பாப்பாரப்பட்டிப் பையனாம், பத்தொன்பது வயது.
தொடை ரத்தக்குழாயை
இரண்டு கையாலும் அழுத்தியபடி
சிஸ்டர் நின்றே இருந்தாராம்
நாற்பது நிமிடமும்.
விட்டபின் விரல்கள் நிமிரவில்லையாம்.
பையன் இருக்கிறான்.
டீயை முழுசாகக் குடிக்க முடியவில்லை.

அந்த இரண்டாம் சுற்றோடு
ஒரு சின்னக் குப்பியும் வெந்திருந்தது.
ஊதா நிறத் திரவம், அதற்குள்
கொதிநீருக்கும் சாகாத ஒரு கிருமியின் வித்து.
வேகாத குப்பி ஒன்றைத் துணைக்கு வைத்து
இரண்டையும் இதமான சூட்டில் அடைகாக்க வேண்டும்.
உயிர் இருந்தால் மஞ்சளாகும்.
அதற்கு இரண்டு நாள்.
செட்டோ அன்றிரவே பையனுக்குள் போய் வந்துவிட்டது.

இரண்டு நாளும் ஆண்கள் வார்டு வழியாக நான் போகவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் போன்.
"துவரை முளைச்சிருச்சு, வடக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் சொட்டை."
ம் என்றேன். கையில் இரண்டு குப்பி.
வேகாதது மஞ்சள்,
வாழைப்பழத் தோல் மஞ்சள்.
மற்றதை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்,
குழல்விளக்கில் ஒருமுறை,
திரும்ப ஜன்னலுக்கு.
கத்தரிப்பூ ஊதா.

"லைன்ல இருக்கியா?"
"இருக்கேன்."

பதிவேட்டில் தேதி, சுற்று எண், சூடு, அழுத்தம்.
கடைசிக் கட்டத்தில்
'வளர்ச்சி: இல்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.